கோட்டின் மேல் விழுந்தது

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொள்கிறீர்களா சார்? உங்கள் மேல் கோபம் இல்லை. அந்தப் படம் நேராக என் முகத்துக்கு வருகிறது. மாட்டுத்தாவணியில் ஏறியதிலிருந்து பொறுத்துக்கொண்டுதான் வருகிறேன். திருமங்கலமே தாண்டியாயிற்று, நீங்கள் பக்கத்தைத் திருப்புவதாகத் தெரியவில்லை.

இருங்கள், மடிப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அந்தச் செய்தியை முழுசாகப் படியுங்கள். கோமதிநாயகம் என்று ஒரு பெயர் எங்கேயாவது இருக்கிறதா? இருக்காது. காலையில் சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கினதும் கடையில் தொங்கின எல்லாப் பேப்பரையும் பார்த்துவிட்டேன். ‘பியூலா ஜெபராணிக்கு ஓய்வுப் பாராட்டு விழா. உலகப் பட்டம் வென்ற கடைசிப் பாயின்ட் மேடையில் மீண்டும் ஆடிக் காட்டப்பட்டது.’ ஆடிக் காட்டப்பட்டதாம். பியூலா ஒருத்தியே நெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடி ஆடினாளா? எதிரே ஒருத்தன் நின்றான் சார். நான்தான் அது. மேலே இருக்கிற நீளப் பை என்னுடையதுதான். உள்ளே இருக்கிற ராக்கெட்டின் பிடியில் நேற்றைய வியர்வை இன்னும் காயவில்லை.

இப்போது அந்தப் படத்தைப் பாருங்கள். நேற்று எடுத்தது இல்லை, பழைய படம். உலக சாம்பியன் ஆன நொடி. பஸ் ஸ்டாண்டு சுவரில்கூட வரைந்து வைத்திருக்கிறார்கள். அதில் அவள் என்ன செய்கிறாள்? சொல்லுங்கள். ராக்கெட்டைக் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதானே? எதிராளி அடித்த காக், அந்த இறகுப் பந்து, இவள் தலைக்கு மேலே போகிறது. இவள் தொடவில்லை. அது பின்கோட்டைத் தாண்டி வெளியே விழுந்தது. பாயின்ட் இவளுக்கு, பட்டம் இவளுக்கு. ஸ்மாஷ் அடித்தாளா? நெட் ஓரமாக மெல்ல வைத்தாளா? ஒன்றும் இல்லை. சும்மா நின்றாள். சும்மா நின்றதற்கு இத்தனை கொண்டாட்டம்.

கோபப்படாமல் எப்படிச் சொல்வது சார்? நீங்கள் ஆரம்பத்திலிருந்து கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும்.

நான் சங்கரன்கோவில்காரன். ஷட்டிலில் தமிழ்நாட்டுக்காக ஆடியிருக்கிறேன். இடது கை. இப்போது ஊரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் பி.டி. வாத்தியார். பத்து வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ரேணுகா மேடம் போன் பண்ணினார். பியூலாவின் கோச். பழைய ஆட்டக்காரர், பேச்சு கத்தரிக்கோல் மாதிரி இருக்கும்.

பியூலா அப்போது உலக வரிசையில் முதல் பத்துக்குள் வந்துவிட்டாள். நாசரேத்துப் பிள்ளை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சர்ச் பக்கத்துச் சிமென்ட் தரையில் ஆடிப் பழகியவள். கால் வேகம் அப்படி வேறு யாருக்கும் கிடையாது, அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் டென்மார்க்காரி ஒருத்தியிடம் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்தாள். இங்க்ரிட் லூண்ட். அவள் இடக்கைக்காரி. இடக்கை ஆட்டம் எல்லாம் எதிர்ப்பக்கமாக வரும் சார், பழகாதவர்களுக்குத் தலை சுற்றும். அதனால் இடக்கை ஆள் ஒருவர் தினமும் எதிரே நின்று ஆடிக்கொடுக்க வேண்டும். ஸ்பாரிங் என்பார்கள். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளியில் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன்.

போன அன்றைக்கே மேடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து இங்க்ரிட்டின் ஆட்டம் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினார். “நல்லா பாத்துக்கோங்க நாயகம். நாளையிலேர்ந்து நீங்க நாயகம் இல்ல. இங்க்ரிட்.”

நான் இங்க்ரிட் ஆனேன் சார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சர்வீஸுக்கு முன்னால் அவள் இடது பாதத்தைத் தரையில் தேய்ப்பாள், நானும் தேய்த்தேன். பாயின்ட் போனால் குதிரைவால் முடியை ஒருமுறை இழுத்துக்கொள்வாள். எனக்கு இழுக்க முடி கிடையாது, இருந்தாலும் பின்னந்தலையைத் தொட்டுக்கொண்டேன். அங்கே பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் மெஸ்ஸில் என்னைப் பார்த்து, “இங்க்ரிட் அக்கா, சாம்பார் வேணுமா?” என்று கேட்கும். சிரித்துக்கொள்வேன். தொழில் என்று வந்துவிட்டால் வெட்கம் பார்க்க முடியுமா?

சிக்கல் எங்கே வந்தது என்றால், வலது பின்மூலையில் வந்தது.

இடக்கைக்காரர்களுக்கு அது தொல்லையான மூலை. காக் அங்கே உயரமாக வந்தால், இங்க்ரிட் உடம்பை வில் மாதிரி வளைத்து, கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், எதிராளியின் பின்கோடு வரைக்கும் நீளமாகத் தூக்கி அடிப்பாள். அழகான அடி. ஆனால் மூன்றாவது கேமில், களைத்த பிறகு, அவளுக்கு அளவு தப்பும். பாதிக்குப் பாதி கோட்டைத் தாண்டி வெளியே போய்விடும். மேடம் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதனால் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? “அந்த மூலைக்கு வர்றதுல பாதிய வெளிய அடிங்க நாயகம். எது உள்ள வரும், எது வெளிய போகும்னு பியூலா பாத்துப் பாத்துப் பழகணும். வெளிய போறத அவ விடணும்.”

வெளியே அடிக்கச் சொல்கிறார் சார். வேண்டுமென்றே. எட்டு வயதிலிருந்து கோட்டுக்குள்ளே போடப் பழகியவனை.

முதல் நாள் எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். மேடம் விசில் ஊதினார்.

“நாயகம், வெளிய.”

“இங்க்ரிட் நல்ல ஃபார்ம்ல இருந்தா உள்ளதான மேடம் போடுவா?”

“உங்கள நான் நல்ல இங்க்ரிட்டா இருக்கச் சொல்லல. இருக்கிற இங்க்ரிட்டா இருக்கச் சொன்னேன்.”

“வெளிய அடிக்க எனக்கு வராது மேடம்.”

“வராதா, மாட்டீங்களா?”

“ரெண்டும்தான்” என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். அந்த மேடத்திடம் அப்படிப் பேச அங்கே வேறு ஆள் கிடையாது.

என் நியாயத்தைக் கேளுங்கள். என்னை நம்பிக் கூப்பிட்டார்கள். சோறு போட்டார்கள், தங்க அறை கொடுத்தார்கள். பதிலுக்கு நான் என்ன கொடுக்கவேண்டும்? அரைகுறை ஆட்டத்தையா? முழு ஆட்டத்தையும் கொடுத்தேன். இங்க்ரிட்டின் நல்லது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன், கெட்டதை விட்டுவிட்டேன். இங்க்ரிட்டைவிட நல்ல இங்க்ரிட் நான். தினமும் பியூலாவை ஜெயித்தேன். ஒரு நாள் தவறாமல் ஜெயித்தேன்.

அவளும் ஒருமுறை வந்து கேட்டாள். தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “அண்ணே, ஒண்ணு ரெண்டாவது வெளிய போடுங்கண்ணே. எத விடுததுன்னே எனக்குத் தெரியமாட்டேங்கு” என்றாள்.

“எதையும் விடாத. அதான் ஆட்டம்” என்றேன்.

“எல்லாத்தையும் எடுத்தா நான் செத்துருவேன்ணே.”

“சாம்பியன் ஆகணும்னா சாகத்தான் செய்யணும்.”

சிரித்தாள். நல்ல பிள்ளைதான் அப்போது. பிறகுதான் மாறிவிட்டாள்.

அந்த சீசனிலேயே வெளிநாட்டில் ஒரு பெரிய போட்டி. அரையிறுதியில் இங்க்ரிட். நாங்கள் எல்லோரும் மெஸ்ஸில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது கேம். மேடம் சொன்னது சரிதான், இங்க்ரிட் களைத்துவிட்டாள், அந்த மூலையிலிருந்து அடித்தது எல்லாம் கோட்டைத் தாண்டிப் போகிறது. பியூலா ஒன்றையும் விடவில்லை சார். பின்னால் பாய்ந்து பாய்ந்து, வெளியே போகிறதையெல்லாம் தாவிப் பிடித்துத் திருப்பி அடித்தாள். ஆங்கிலக் கமென்ட்ரிக்காரன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பயிற்சி சார் அது! வேறு யார் அப்படி ஆடுவார்கள்?

தோற்றுவிட்டாள், அது வேறு விஷயம். இரண்டே பாயின்டில் தோற்றாள். அந்த ஹாலில் ஏசி காற்று ஒரு பக்கமாக இழுத்தது, டி.வி.யிலேயே தெரிந்தது. புது ஷூ வேறு போட்டிருந்தாள். நான் அப்போதே சொன்னேன், பெரிய ஆட்டத்துக்குப் புது ஷூ வேண்டாம் என்று. யார் கேட்டார்கள்?

திரும்பி வந்ததும் மேடம் என்னைக் கூப்பிட்டார். வெளியே போயிருக்க வேண்டிய காக் ஒவ்வொன்றையும் வீடியோவில் வரிசையாகப் போட்டுக் காட்டினார். “இது வெளிய. எடுத்திருக்கா. இது வெளிய. எடுத்திருக்கா. இதப் பாருங்க, ஒரு சாண் வெளிய. இதையும் எடுத்துக் குடுத்திருக்கா. ஏன் நாயகம்?”

“போராட்ட குணம் மேடம்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “நீங்க ஊருக்குப் போங்க” என்றார். அவ்வளவுதான். ஒரு விளக்கம் கிடையாது, ஒரு காரணம் கிடையாது. நீங்களே சொல்லுங்கள், ஏன் அனுப்பினார்? நான் யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒன்றுதான் தெரிகிறது. தன்னுடைய மாணவியை ஒரு பி.டி. வாத்தியார் தினமும் ஜெயிக்கிறான், அதை அந்த அம்மாளால் தாங்கமுடியவில்லை. பொறாமை.

எனக்குப் பதிலாக யாரைக் கொண்டுவந்தார்கள்? அஸ்ஸாம் பிள்ளை ஒன்று. நிபேதிதா என்று பெயர். அதுவும் இடது கை. தோற்பதற்கென்றே பிறந்த பிள்ளை சார். வெளியே அடி என்றால் வெளியே அடிக்கும். நெட்டில் அடி என்றால் நெட்டில் அடிக்கும். அடித்துவிட்டுச் சிரிக்கும்! வீடியோவில் பார்த்தேன். ரோஷம் என்று ஒன்று வேண்டாமா?

அடுத்த வருடம் உலகப் போட்டி. ஃபைனலில் அதே இங்க்ரிட். அதே மூன்றாவது கேம். அதே மூலை. மிச்சம்தான் உங்கள் மடியில் இருக்கிறதே, அந்தப் படம்.

அந்த ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு அவள் ஆடிய எதையும் நான் பார்ப்பதில்லை. இங்க்ரிட்டை வரிசையாக நாலு முறை ஜெயித்தாள், நான் பார்க்கவில்லை. வலது முட்டியில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு எட்டு மாதம் ஆடாமல் இருந்து, திரும்பி வந்த முதல் போட்டியிலேயே பதினெட்டு வயது சீனப் பிள்ளையிடம் முதல் கேமை விட்டு அடுத்த இரண்டையும் எடுத்தாள், பார்க்கவில்லை. அந்த ஆட்டத்தில் முட்டிக்குப் பயந்துகொண்டு இடது காலையே ஊன்றி ஊன்றி ஆடினாள், இரண்டாவது முட்டியும் போகப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சொன்ன மாதிரியே போயிற்று. கடைசி இரண்டு வருடம் முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று தோற்றுக்கொண்டே வந்தாள். ஊரெல்லாம், இன்னும் எதற்கு ஆடுகிறாள் என்று கேட்டது. நான் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் அவள் பக்கம்தான்.

ஆனால் ஒரு பேட்டி கொடுத்தாள் பாருங்கள். “எத அடிக்கணும்னு நெறைய பேர் சொல்லிக் குடுத்தாங்க. எத அடிக்கக்கூடாதுன்னு கத்துக்கத்தான் ரொம்ப நாள் ஆச்சு.” யாரைக் குத்துகிறாள், புரிகிறதா? பெயர் சொல்லவில்லையாம். பெயர் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

என்ன அங்கே சத்தம்? கல்லுப்பட்டியா? ஏறட்டும், ஏறட்டும். நீங்கள் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள்.

நான் ஊருக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்லிக்கொடுப்பது? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்குவதில்லை. நான் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டில் இறங்கினால் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். சார் டியூஷன் இருக்கு, சார் கால் வலிக்கு. என் மகளையே பாருங்கள், ஏழு வயதில் நன்றாகத்தான் ஆடினாள். ஒரு நாள் என்னோடு ஒரு கேம் ஆடினாள், ஒரு பாயின்ட் எடுக்க முடியவில்லை. அழுதுகொண்டே ராக்கெட்டைப் போட்டுவிட்டுப் போனவள்தான். இப்போது கேரம் ஆடுகிறாள். அவள் அம்மாவோடு. அந்த அம்மாள் காயை வேண்டுமென்றே குழியிலிருந்து தள்ளித் தள்ளிப் போடுகிறாள், நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

போன வாரம் போன் வந்தது. புது நம்பர்.

“அண்ணே, நான் பியூலா பேசுதேன்.”

பத்து வருடம் கழித்து சார்.

“கோவமாத்தான் இருப்பீங்க. ஒரு உதவிண்ணே. விழாவுல அந்தக் கடைசிப் பாயின்ட ஆடிக் காட்டணும்னு ஆசைப்படுதாங்க. நிபேதிதாதான் வாரதா இருந்துச்சு, கால் பெசகிட்டு. இடது கைக்கு எனக்கு உங்கள விட்டா ஆரு இருக்கா?”

“நான் என்ன செய்யணும்?”

“சும்மா கொஞ்ச நேரம் தட்டுவோம். கடைசில அந்த மூலைக்குத் தூக்கிப் போடுவேன். நீங்க வெளிய அடிங்க. நான் விட்டுருவேன். அவ்வளவுதான்ணே.”

“அவ்வளவுதானா?”

“இன்னொண்ணும் இருக்கு. பாளையங்கோட்டைல சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சென்டர் தொறக்கேன். உங்களத்தான் ஹெட் கோச்சா போடணும்னு மேடத்துகிட்ட சண்டை போட்டு வச்சிருக்கேன். அன்னைக்கு மேடையிலயே உங்க பேரச் சொல்லிருதேன். வாங்கண்ணே.”

நிரந்தரமான வேலை. ஹெட் கோச். இத்தனை வருடம் எனக்கு வரவேண்டியது, இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டேன். செண்பகம், என் வீட்டுக்காரி, போனைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம், மகளை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்பதுவரை போய்விட்டாள். நேற்று முன்தினம் கிளம்பும்போது சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டு வாசல்வரை வந்தாள்.

“ஏங்க, ஒத்தக் காக்குதான. வெளிய தள்ளிவிட்டுட்டு வந்துருங்க.”

“தெரியும் போடி.”

“உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அதான் சொல்லுதேன். வேணும்னா உங்க கால்ல விழுதேன்.”

பாருங்கள், கட்டின மனைவிக்கே என்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று.

நேற்று சாயங்காலம் சென்னையில் அந்த விழா ஹால் நிரம்பி வழிந்தது. நடுவில் கோர்ட். நான் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், யாரும் கவனிக்கவில்லை. ரேணுகா மேடம் வந்தார். முடி எல்லாம் வெளுத்துவிட்டது, பேச்சு வெளுக்கவில்லை. “நாயகம், இன்னைக்காவது?” என்றார். “பார்ப்போம் மேடம்” என்றேன். “பாக்காதீங்க. அடிங்க. வெளிய” என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மாதிரிப் பேசினால் ஒரு மனிதனுக்குக் கோபம் வருமா வராதா?

ஆடினோம். பியூலாவின் முட்டி பாவம், நொண்டுகிறது, ஆனால் கை அப்படியே இருக்கிறது. கூட்டம் ஒவ்வொரு அடிக்கும் எண்ணிக் கத்தியது. நான் இடது பாதத்தைத் தேய்த்தேன், பின்னந்தலையைத் தொட்டுக்கொண்டேன். அவள் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டாள். பிறகு தூக்கினாள். நல்ல உயரம், நல்ல நீளம், அதே வலது பின்மூலை. நான் பின்னால் போனேன், உடம்பை வளைத்தேன், கை தலைக்கு மேலே போயிற்று.

அந்த நொடியில் எனக்கு ஒன்று தோன்றியது சார். இத்தனை ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள் வாழ்க்கையில் பார்க்கப்போகிற என்னுடைய ஒரே அடி இது. அது தப்பான அடியாக இருக்கவேண்டுமா?

அடித்தேன்.

என்னுடைய நாற்பத்தைந்து வயதில் அப்படி ஒரு நீள அடி அடித்ததில்லை. மேலே போய், விளக்கைத் தொடாத குறையாக, நேர்கீழே இறங்கியது. அவள் அந்தப் படத்தில் நிற்கிற மாதிரியே ராக்கெட்டைத் தாழ்த்திக்கொண்டு அண்ணாந்து நின்றாள். காக் கோட்டின் மேல் விழுந்தது. பின்கோட்டின் வெள்ளையில். தக்கை சரியாகக் கோட்டில் பட்டு எகிறியது. உள்ளே. சந்தேகமே இல்லை.

அந்த லைன் அம்பயர் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு கையையும் அகல விரித்தான். அவுட். முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள், அவன் காக் விழுந்த இடத்தைப் பார்க்கவே இல்லை, பியூலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உடனே பாட்டைப் போட்டுவிட்டார்கள். மேலேயிருந்து கலர் காகிதத்தைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கான பேர் எழுந்து நின்று கத்துகிறார்கள். எதற்கு? அவள் விட்ட பாயின்டுக்கு!

நான் விடுவேனா? நெட்டுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனேன். “உள்ள! உள்ள!” என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அந்த அம்பயரைப் போய்க் கேட்டேன், “தம்பி, கண்ணு தெரியுதா?” என்று. அவன் எனக்குக் கை கொடுத்தான். இடத்தைக் காட்டலாம் என்று பார்த்தால் காகிதம் விழுந்து கோட்டையே மூடிவிட்டது. காலால் தள்ளித் தள்ளிக் கோட்டைத் தேடினேன். ஜனங்கள் நான் ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கை தட்டினார்கள். இங்க்ரிட் தோற்றுவிட்டுப் புலம்புகிற மாதிரி நடிக்கிறேனாம். பின்னால் ஒருத்தன் சொன்னது என் காதில் விழுந்தது.

பியூலா மாலையோடு வந்தாள். கேமராவுக்காகச் சிரித்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

“அண்ணே, போதும்ணே. எல்லாரும் பாக்காங்க.”

“உள்ளயா, வெளியயா? அதச் சொல்லு.”

“உள்ளதான்ணே. எனக்குத் தெரியாதா?”

“அப்ப மைக்ல சொல்லு.”

“மைக்ல உங்க பேரத்தான் சொல்லப் போறேன். சென்டருக்கு நீங்கதான்னு சொல்லப் போறேன். வந்து பக்கத்துல நில்லுங்க, வாங்க.”

“மொதல்ல இதச் சொல்லு. பெறகு அதச் சொல்லு.”

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். என் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு சிவப்புக் காகிதத்தை எடுத்துப் போட்டாள்.

“அங்க வாரது பத்து வயசுப் பிள்ளைகண்ணே” என்றாள்.

“பத்து வயசா இருந்தா என்ன? கோடு கோடுதான்.”

“அதுகளுக்கு ஒரு பாயின்டாவது விட்டுக் குடுப்பீங்களா?”

“நான் எதுக்கு விட்டுக் குடுக்கணும்? எடுக்கட்டும்.”

தலையை ஆட்டிக்கொண்டாள். போய்விட்டாள். மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னாள். அப்பாவுக்கு, ரேணுகா மேடத்துக்கு, முட்டியை ஆபரேஷன் பண்ணின டாக்டருக்கு. நிபேதிதாவுக்கு! வராதவளுக்கு நன்றி சார், வந்து நின்றவனுக்கு இல்லை. பாளையங்கோட்டையில் சென்டர் திறக்கிறேன் என்றாள். கை தட்டினார்கள். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். “கோச் ஆருன்னு பெறகு சொல்லுதேன்” என்றாள். அப்போது என் பக்கம் பார்த்தாளா என்றால், பார்த்தாள். அழுகிற மாதிரிக்கூட இருந்தது. ஓய்வு பெறுகிற நாள் அல்லவா, அதனால் இருக்கும்.

ஹாலை விட்டு வரும்போது மேடம் வாசலில் நின்றார். என் தோளை ஒருமுறை தட்டினார். தோற்றவர்களைத் தட்டுகிற மாதிரித் தட்டினார். அவர் கையை விலக்கிவிட்டு வந்துவிட்டேன்.

செண்பகத்திடம் என்ன சொல்வேன் என்று கேட்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்பீர்கள். நடந்ததைச் சொல்வேன். வேலை போனது போகட்டும். உலக சாம்பியனிடம் கடைசியாக ஒரு பாயின்ட் எடுத்தேன், ‘உள்ளதான்ணே’ என்று அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாள் என்று சொல்வேன். செண்பகம் அழுவாள். அத வச்சு வாடகை குடுக்க முடியுமா என்பாள். மகளுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க என்பாள். என்னவும் சொல்லட்டும். எதைச் சொன்னாலும் என்னிடம் பதில் இருக்கிறது. எது வந்தாலும் திருப்பி அடித்துவிடுவேன் சார். இன்றைக்குவரை ஒன்றைக்கூட விட்டதில்லை.